கடைமடைக்கு எட்டாத கணினிக் கல்வி

தமிழில் சொல்லில்லை என்பது சோம்பேறிகளின் பழம்பாட்டு. கணினித் துறையில் அப்பாட்டு இன்னும் ஓயவில்லை. ‘பிராடுகாசுட்டு’, ‘சுகேட்டர்’, ‘கேதர்’, ‘ரெடியூசு’ என்று வகுப்பறையில் ஒப்பிக்கும் தஞ்சை உழவன் மகன், அவற்றின் பொருளைத் தன் தந்தையின் வயல்வரப்பிலேயே கண்டிருக்கிறான். இரண்டும் ஒன்றென அவனுக்கு எடுத்துரைப்பாரில்லை!

திருச்சிராப்பள்ளியினின்று தஞ்சை செல்லும் நெடுஞ்சாலையில், துவாக்குடி நாட்டுத் தொழில்நுட்பக் கழகத்தில், 2022 மேத் திங்களில் ‘பரம் பொருள்’ என்னும் மீத்திறன் கணினி நிறுவப்பெற்றது. நொடிக்கு 838 நூறாயிரங்கோடிக் கணக்கிடும் ஆற்றலுடையது. (1991-இல் பூனாவில் சூட்டப்பெற்ற வடமொழிப் பெயரின் பின்னே நம் ‘பொருள்’ வால்போல் ஒட்டிக்கொண்டது. அதற்கே நாம் மகிழ்ந்துகொள்ள வேண்டுமாம்!)

இத்தகைய கணினி ஒரு தனிப்பொறியன்று. பல பொறிகளின் கூட்டு. ஒன்றன் நினைவகத்தை மற்றொன்று காணவியலாது. வேண்டியதைச் செய்தி விடுத்தே பெறல் வேண்டும். அதற்கென 1994-இல் வகுக்கப்பெற்ற பொதுநெறியே எம்.பி.ஐ. என்பது. செயலிகள் யாவும் ஒருங்கே ஈடுபடும் கூட்டுச்செயல்கள் அதன் உயிர்நாடி.

கல்லணையைக் காண்க. வந்த நீர் காவிரி, வெண்ணாறு, புதுவாறு எனப் பிரிகின்றது. மிகுவெள்ளம் கொள்ளிடம் செல்கின்றது. ஆறு வாய்க்காலாய், வாய்க்கால் கண்ணாறாய்க் கிளைத்து, வயல்தோறும் அதனதன் பங்கு சேர்கின்றது. ‘சுகேட்டர்’ இதுவே, பகிர்வு என்க. ஊர்ப்பறையோ வேறு. நீர் பிரியப் பிரியக் குறையும். பறைந்த சொல் எல்லார்க்கும் முழுதாய்ச் சேரும். அது சாற்றல். கேட்டவரெல்லாம் பிறர்க்குச் சொல்ல, ஒன்று இரண்டாய், இரண்டு நான்காய்ப் பெருகி, பத்தே சுற்றில் 1,024 செயலிகட்கும் செய்தி எட்டிவிடும். களத்து நெல்லைத் திருப்பாலைத்துறைக் களஞ்சியம் போன்றதொன்றிற் குவிப்பது திரட்டல். நெல்லை விடுத்து, மரக்காற் கணக்கை மட்டும் ஊர்தோறும் கூட்டி மேலனுப்பினால் தொகுத்தல். அத்தொகையை மீண்டும் அனைவர்க்கும் அறிவித்தால் தொகைசாற்றல். இன்று ஞாலம் வியக்கும் செயற்கை நுண்ணறிவைப் பல செயலிகளிற் பயிற்றுங்கால் ஓயாது நிகழ்வது இதுவே.

சோழர் கல்வெட்டுகள் இன்ன வதி, இன்ன வாய்க்கால், இத்தனையாங் கண்ணாறு என நிலத்தை எண்ணிட்டுக் குறித்தன. செயலிகளை எண்ணிட்டழைக்கும் முறைக்கு நாம் புதியவரல்லோம்.

கட்டளைச் சொற்கள் ஆங்கிலமாயிற்றே என்பர். இருக்கட்டுமே! கட்டளை ஆங்கிலமாயின் விளக்கமும் ஆங்கிலமாதல் வேண்டுமோ? சப்பானியர் தம் மொழியிலன்றோ கற்கின்றனர்?

கூட்டுச்செயலில் ஒரு செயலி வாராது நின்றால் ஏனையவும் முடங்கிக் காத்துக்கிடக்க நேரும். முறைவைத்து நீர்விடும் உழவர்க்கு இது புதிதன்று. கடைமடை நனையும்வரை முறை முடிவதில்லை. நம் கல்வியாளர்க்கோ கடைமடை கண்ணிற்படவேயில்லை. 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியபோது, கணிப்பொறியியல் அன்று வாயிலுக்கு வெளியே நின்றது.

தஞ்சையில் 1981 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம் உளது. துவாக்குடி அதற்கு ஒருமணிப் பயணத் தொலைவே. ஈரிடத்தாரும் கூடியமர்ந்து, மடைதிறக்கும் உழவரையும் உடன்வைத்து, இக்கூட்டுச்செயல்கட்குத் தமிழ்க் கைந்நூலொன்று எழுதட்டும். எழுதியதைத் திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து தமிழ்வழிப் பயின்றுவந்த பெண்ணொருத்தியின் கையிற் கொடுத்து, அவள் சொல்வதைக் கேட்டுப் பின்னர் அச்சேற்றட்டும்.