பஞ்சாலையிலிருந்து விண்வெளிக்கு: தகுதியை வகுப்பது யார்?

விண்வெளிக்குச் சென்ற முதல் பெண் ஒரு பஞ்சாலைத் தொழிலாளி. 1963 ஜூன் 16 அன்று வஸ்தோக்-6 கலத்தில் புறப்பட்டுப் பூமியை 48 முறை சுற்றிவந்த வாலண்டினா தெரெஷ்கோவா, சோவியத் ஒன்றியத்தின் யாரோஸ்லாவல் நகர ஆலையில் வேலை பார்த்தவர். அவருடைய தாயும் ஆலைத் தொழிலாளியே. திருப்பூர் வட்டார நூற்பாலைகளில் நம் பெண்கள் உழைக்கும் இந்நாளில், இவ்வரலாற்றை நாம் கூர்ந்து படிக்க வேண்டும்.

தெரெஷ்கோவா விமானி அல்லர். வஸ்தோக் கலம் பெரும்பாலும் தானே இயங்கியது. தரையிறங்கும்போது பயணி வெளியேறிப் பாராசூட்டில் இறங்க வேண்டும். எனவே 1962இல் பெண்களைத் தேர்ந்தெடுத்தபோது பாராசூட் பயிற்சியே முதன்மைத் தகுதியாயிற்று. ஆலைப் பணியோடு அஞ்சல்வழித் தொழிற்கல்வியும் முடித்து, உள்ளூர் வான்பயிற்சிக் கழகத்தில் குதிக்கப் பழகியிருந்த அவருக்குக் கதவு திறந்தது.

அதே காலத்தில் அமெரிக்காவில் 13 பெண் விமானிகள் கடுமையான மருத்துவச் சோதனைகளில் தேறினர். ஆயினும் ராணுவ ஜெட் சோதனை விமானிகளே விண்வெளி வீரராகலாம் என்றது நாசா. அப்பணியிலோ பெண்களுக்கு இடமில்லை. விண்ணோடத் திட்டத்துக்காக அறிவியலாளர், மருத்துவர், பொறியாளர்களுக்கு இடம் விரிந்தபின், 1978இல் ஆறு பெண்கள் தேர்வாயினர். அவர்களுள் சாலி ரைடு 1983இல் பறந்தார். கறுப்பினப் பெண் மருத்துவர் மே ஜெமிசன் 1992இல் பறந்தார். அளவுகோல் மாறியதும் 'தகுதியற்றவர்' தகுதி பெற்றனர். 'தகுதி, திறமை' என்ற சொற்களால் இடஒதுக்கீட்டை எதிர்ப்போருக்கு இதுவே விடை.

எனினும் ஒரு 'முதல் பெண்' மட்டும் போதாது. தெரெஷ்கோவாவுக்குப் பின் அடுத்த பெண்ணான ஸ்வெத்லானா சவித்ஸ்கயா விண்வெளி செல்ல 19 ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவை முந்தியதும் சோவியத் அரசின் ஆர்வம் தணிந்தது. காட்சிக்கு வைக்கப்படும் ஒருவர் பிரதிநிதித்துவம் ஆகமாட்டார்.

இந்தியாவின் நிலை என்ன? கல்பனா சாவ்லாவும் சுனிதா வில்லியம்ஸும் பறந்தது அமெரிக்கத் திட்டத்தில். ககன்யானுக்கென 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட நால்வரும் ஆண்கள். விமானப்படைச் சோதனை விமானிகள். போர் விமானம் ஓட்டும் பணியில் பெண்கள் சேர்க்கப்பட்டதே 2016இல்தான். சோதனை விமானியாகப் பல்லாண்டுப் பறத்தல் அனுபவம் வேண்டும். அமெரிக்கா 1962இல் பூட்டிய அதே கதவை நாமும் பூட்டியிருக்கிறோம்.

திருப்பூர், கோவை, திண்டுக்கல் பகுதி நூற்பாலைகளில் இக்கதவு இன்னும் முன்பே மூடப்படுகிறது. சுமங்கலித் திட்டம் என்ற பெயரில், மூன்றாண்டு முடிவில் திருமணத்துக்கு ஒரு தொகை தருவதாகக் கூறி, வளரிளம் பெண்கள் ஆலை விடுதிகளில் அடைக்கப்பட்டதை நாம் அறிவோம். அவர்களுள் தலித் பெண்கள் ஏராளம். யாரோஸ்லாவலில் வேலையோடு கல்வியும் கிட்டியது. இங்கு வேலைக்காகக் கல்வி பறிக்கப்பட்டது.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. ககன்யான் அடுத்த தேர்வில் பெண் அறிவியலாளர்களுக்கும் பொறியாளர்களுக்கும் இடம் வேண்டும். ஆலை விடுதிப் பெண்களுக்குப் படிக்க நேரமும், வெளியே சென்றுவரும் உரிமையும், கல்வி உதவித்தொகையும் வேண்டும். முதலாவதை மட்டும் கேட்டால் பயன் மேல்தட்டுப் பெண்களோடு நின்றுவிடும். இரண்டையும் சேர்த்தே கேட்போம்.