மலையில் விளைந்ததும் புட்டியில் அடைத்ததும்

சேர்வராயன் மலையுச்சியில், இருண்டதொரு சிறு குகையினுள் சேர்வராயப் பெருமான் காவேரியம்மனுடன் எழுந்தருளியுள்ளார். தரிசித்து ஏற்காட்டிலிருந்து இறங்குவோர் கையில் பெரும்பாலும் மலை மிளகும் ஆரஞ்சும் இருக்கும். இப்போதெல்லாம் ஸ்குவாஷ் புட்டியும் சேர்ந்துகொள்கிறது.

மூத்த அன்பர் ஒருவர் கேட்டார்: "புட்டி உணவில் இரசாயனம் கலக்கிறார்களாமே? தினமும் நெல்லிக்காயும் மிளகுக் கஷாயமும் உட்கொண்டால் அது முறிந்துவிடாதா?"

பாதி உண்மை. நறுக்கிய கத்தரிக்காய் கறுப்பதும் பழைய எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதும் பிராணவாயுவின் வேலை. நம் உயிரணுக்களிலும் அத்தகைய சிதைவு உண்டு. வெயிலில் நிற்கும் செடிகொடிகள் அதினின்று தம்மைக் காக்க உண்டாக்கிக்கொள்ளும் பொருள்களையே ஆன்டிஆக்ஸிடன்ட் என்கிறோம். நெல்லி, ஆரஞ்சு, மஞ்சள், காபி யாவற்றிலும் அவை உள்ளன. சோடியம் பென்சோயேட்டை மிகுந்த அளவில் எலிகளுக்குக் கொடுத்தபோது ஈரலில் இச்சிதைவு கூடியதையும், வைட்டமின் சி போன்றவை அதைத் தணித்ததையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் எலிக்குக் கொடுத்த அளவு நம் இலையில் விழுவதில்லை. மனிதரிடத்தே இதே பலன் உறுதியாகவும் இல்லை. ஆகவே கஷாயத்தை முறிமருந்தாக நம்பிப் பொட்டல உணவைக் கூட்டுவது சரியன்று.

வேடிக்கை என்னவெனில், வறுவல் பொட்டலங்களில் 319, 320, 321 என்ற எண்களில் காணப்படுபவையும் ஆன்டிஆக்ஸிடன்ட்களே, ஆலையில் செய்தவை. பென்சோயேட்டின் எண் 211. எழுத்து பொடியாக இருப்பின் பேரப்பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள்.

மிளகைப் பற்றி ஒரு சொல். 1998இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், மிளகிலுள்ள பைப்பரின் சேர்ந்தால் மஞ்சளின் குர்குமின் இரத்தத்தில் சுமார் இருபது மடங்கு ஏறுவதைக் கண்டனர். ரசத்தில் இவ்விரண்டையும் சேர்த்த நம் பாட்டிமார்களை நினைத்து மகிழலாம். ஆனால் இதே பைப்பரின், வலிப்புக்கான ஃபெனிடாயின், இரத்த அழுத்தத்திற்கான ப்ரோப்ரனோலால் முதலிய மருந்துகளின் அளவையும் இரத்தத்தில் உயர்த்தவல்லது. இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்போர்க்கு மஞ்சள் மாத்திரையும் ஆபத்தாகலாம். ரசம் குற்றமில்லை, மஞ்சள், மிளகுச் சத்து மாத்திரைகளை மட்டும் மருத்துவரிடம் கேளாமல் தொடங்கவேண்டாம்.

இனி அந்தப் புட்டி. ஆரஞ்சின் வைட்டமின் சி பழமாக உண்ணும்போது நன்மையே. அதே வைட்டமின் சி, பென்சோயேட்டுடன் ஒரே புட்டியில் இருந்து வெப்பமும் வெளிச்சமும் பட்டால், புற்றுநோய் விளைக்கும் பென்சீன் சிறிதளவு உண்டாகக்கூடும். 2005 முதல் 2007 வரை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சோதித்த பானங்களில் பெரும்பாலானவற்றில் அது இல்லை, அல்லது மிகச் சொற்பம். சிலவற்றில் அவர்கள் குடிநீருக்கு வகுத்த வரம்பைத் தாண்டியிருந்ததால், தயாரிப்பாளர்கள் கலவையையே மாற்றினர். அஞ்சத் தேவையில்லை, வைக்கும் இடத்தில் கவனம் போதும்.

அடுத்த முறை பழமாகவே வாங்குங்கள். புட்டி வாங்கிவிட்டீர்களானால் சிட்டையில் 211 உண்டா என்று பாருங்கள். இருந்தால், இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கிச் சேலத்து வெயிலில் கார் நிற்கையில், அதைப் பின்கண்ணாடி ஓரம் வைக்காதீர்கள்.