பின் அப்சோர்பர் வாங்குவதற்கு முன்



பழைய மோட்டார் சைக்கிளைப் பராமரிப்பது பற்றி இப்பகுதியில் அவ்வப்போது எழுதி வருகிறேன். "வண்டியின் பின்பக்கம் ஆடுகிறது, மலிவான அப்சோர்பராக ஒரு ஜோடி போட்டுவிடலாமா?" என்று பலரும் கேட்டிருக்கிறீர்கள். போடலாம். ஆனால் அதற்கு முன், நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லிவிடுகிறேன். வாத்தியார் வேலை பார்ப்பவன் தன் தவற்றைச் சொல்ல வெட்கப்படக் கூடாது அல்லவா?

எங்கள் வீட்டில் ஒரு ஹோண்டா சி-70 இருக்கிறது. பால்மரம் வெட்டிக் கொண்டிருந்த என் அப்பா, 1986-ஆம் ஆண்டில் இரண்டாம் கையாக வாங்கியது. ஜப்பானில் 1958-ஆம் ஆண்டு வெளிவந்த சூப்பர் கப் குடும்பத்தைச் சேர்ந்த வண்டி அது. 2017-ஆம் ஆண்டில் அந்தக் குடும்பத்து வண்டிகளின் எண்ணிக்கை 10 கோடியைத் தொட்டது. நம் நாட்டில் சிறிய மோட்டார் சைக்கிளையெல்லாம் "கப்சாய்" என்கிறோமே, அந்தப் பெயரின் முன்பாதி இந்த "கப்"தான். எஞ்சின் 72 சி.சி. மட்டுமே. ஆனாலும் மேட்டு லயத்திலிருந்து பட்டணம் வரை அப்பா, அம்மா, நான், ஒரு மூட்டை அரிசி என்று எல்லாவற்றையும் சுமந்திருக்கிறது.

அப்பா 2011-இல் காலமான பிறகு வண்டி என் கைக்கு வந்தது. 2019-இல் பின் அப்சோர்பர் இரண்டிலும் எண்ணெய் கசிந்தது. பட்டணத்துக் கடை ஒன்றில் சிவப்பு ஸ்பிரிங்கும் பக்கத்தில் ஒரு சின்னத் தொட்டியுமாகப் பளபளவென்று ஒரு ஜோடி தொங்கியது. விலையும் நூறு வெள்ளிக்குள். எந்த வண்டிக்கு உரியது என்று நான் கேட்கவில்லை, கடைக்காரரும் சொல்லவில்லை. "சி-70-க்கு உட்காருமா?" என்று மட்டும் கேட்டேன். "உட்காரும் சார்" என்றார். உட்காரத்தான் செய்தது. வண்டியின் பின்புறம் இரண்டு விரல் உயர்ந்து நின்றது. பள்ளிப் பிள்ளைகள் பார்த்துவிட்டு, "சார் வண்டி ரேஸ் வண்டியாயிடுச்சு" என்றார்கள். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான்.

இரண்டாவது வாரம், இரத்த அழுத்த மாத்திரை வாங்க அம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளினிக்குக்குப் புறப்பட்டேன். செம்பனைக் காட்டுச் சரிவில் லாரி போய்ப்போய்ச் செம்மண் சாலை வரிவரியாகக் கிடந்தது. இறக்கத்தில் பின் பிரேக்கை மிதித்தேன். பின்சக்கரம் தரையைப் பிடிக்காமல் தத்தித் தத்திக் குதித்தது. மறு நொடி வண்டி பக்கவாட்டில் சரிந்தது. தலைக்கவசம் இருந்ததால் தலை தப்பியது. அம்மாவுக்கு மணிக்கட்டு எலும்பில் விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அம்மா, "மழை பேஞ்ச ரோடு, வழுக்கிடுச்சு" என்றே சொன்னார். அன்று மழையே பெய்யவில்லை. என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். அதைக் கேட்டுக் கொண்டு அருகில் நின்றேனே, அந்தக் கூச்சம்தான் என்னை இந்த விஷயத்தை முறையாகக் கற்க வைத்தது.

சரி, பாடத்துக்கு வருவோம்.

அப்சோர்பரில் இரண்டு வேலையாட்கள் இருக்கிறார்கள். ஒருவர் ஸ்பிரிங், மற்றவர் உள்ளே இருக்கும் எண்ணெய். நம் வீடுகளில் கைலித் துணியால் கட்டும் ஸ்பிரிங் தொட்டிலை நினைத்துக் கொள்ளுங்கள். ஒரு முறை இழுத்துவிட்டால் தானே மேலும் கீழும் ஆடிக் கொண்டிருக்கும். பாட்டி கையை வைத்தால்தான் நிற்கும். சுமையைத் தாங்குவது ஸ்பிரிங். ஆட்டத்தை அடக்கும் பாட்டியின் கைதான் எண்ணெய். தண்டின் முனையில் உள்ள சிறு துளைகள் வழியே எண்ணெய் நெருக்கிக் கொண்டு போவதால் ஆட்டம் அடங்குகிறது. எண்ணெய் கசிந்துவிட்டால் வெறும் தொட்டில்தான் மிஞ்சும்.

எனவே முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள். வண்டியைத் தரையில் நிறுத்தி, சீட்டின் பின்பக்கத்தை இரு கையாலும் அழுத்தி விடுங்கள். எழுந்து உடனே நின்றால் நல்லது. இரண்டு மூன்று தடவை ஆடினால் எண்ணெய் போய்விட்டது. தண்டைச் சுற்றி எண்ணெய் ஈரம் இருந்தாலும், தண்டில் துருப்பிடித்துக் குழி விழுந்திருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். ஆனால் "டொக் டொக்" என்ற சத்தம் மட்டும் வந்தால் அவசரப்படாதீர்கள். முனை வளையத்தில் இருக்கும் ரப்பர் புஷ் தேய்ந்திருக்கலாம். அதை மட்டும் சில வெள்ளியில் மாற்றிவிடலாம். பின்சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தும் பாருங்கள். ஆட்டம் இருந்தால் சக்கர பேரிங்கையோ, ஸ்விங் ஆர்ம் புஷ்ஷையோ சரிபார்க்க வேண்டும். புது அப்சோர்பர் அந்த நோயைத் தீர்க்காது.

மாற்றியே ஆக வேண்டும் என்று தெரிந்தால், கடைக்குப் போகுமுன் கையில் அளவு இருக்க வேண்டும். வண்டியை டபுள் ஸ்டாண்டில் ஏற்றி, பின்சக்கரம் தொங்கும்படி விடுங்கள். மேல் போல்ட்டின் நடுவிலிருந்து கீழ் போல்ட்டின் நடு வரை டேப் வைத்து அளந்து கொள்ளுங்கள். அதுதான் கடையில் சொல்ல வேண்டிய நீளம். சக்கரம் தரையில் இருக்கும்போது அளந்தால் ஸ்பிரிங் அமுங்கியிருக்கும். அளவு குறைத்துக் காட்டும். முன்பு வைத்திருந்தவர் ஏற்கெனவே வேறு அப்சோர்பர் மாட்டியிருந்தால், அதே ரக வண்டி வைத்திருக்கும் நண்பரின் வண்டியிலும் அளந்து ஒப்பிடுங்கள்.

நீளம் கூடினால் என்ன ஆகும்? பின்புறம் உயர்ந்து பாரம் முன்னால் சாயும். ஹாண்டில் பதற்றமாகத் திரும்பும். டபுள் ஸ்டாண்டில் நிறுத்தினால் சக்கரம் தரையைத் தொட்டுக் கொண்டிருக்கும். சங்கிலியின் தளர்ச்சி மாறும். அதை மீண்டும் சரிசெய்ய வேண்டும். நீளம் குறைந்தால் பள்ளத்தில் டயர் மட்கார்டில் உரசும். சிங்கிள் ஸ்டாண்டில் வண்டி நிமிர்ந்து நின்று, காற்றடித்தால் மறுபக்கம் சாயும்.

அடுத்து, முனைகளைப் பாருங்கள். சில அப்சோர்பருக்கு இரண்டு முனையிலும் வளையம் இருக்கும். சிலவற்றுக்குக் கீழ்முனை கவைபோல் பிளந்திருக்கும். வளையத்தின் துளை போல்ட்டுக்குப் பொருந்த வேண்டும். துளை பெரிதாக இருந்தால் சரியான இரும்புப் புஷ் போட வேண்டும். தகரத்தைச் சுருட்டிச் செருகக் கூடாது. ஸ்பிரிங் தடிமனாக இருந்தால் ஒரு பக்கம் சங்கிலிக் கூட்டிலும் மறுபக்கம் புகைக்குழாயிலும் இடிக்கிறதா என்று பார்த்துக் கொள்ளுங்கள்.

இனி முக்கியமான விஷயம், ஸ்பிரிங்கின் விறைப்பு. நான் தவறியது இங்கேதான். நான் வாங்கியது கனமான வண்டிக்குச் செய்தது. என் எடை 72 கிலோ, அம்மா 48 கிலோ. இருவரும் சேர்ந்து ஏறியும் அது அசையவே இல்லை. ஸ்பிரிங் கொஞ்சம் அமுங்கி நின்றால்தான், பள்ளம் வரும்போது சக்கரத்தைக் கீழே தள்ளி மண்ணோடு ஒட்டி வைக்கும். அமுங்காத ஸ்பிரிங் அப்படித் தள்ளாது. சக்கரம் காற்றில் இருக்கும்போது பிரேக் பிடித்தால் அது நின்றுபோகும். நின்ற சக்கரம் தரையைத் தொட்டதும் வழுக்கும்.

இதைச் சோதிக்கச் சுலபமான வழி உண்டு. சக்கரம் தொங்கும்போது அச்சிலிருந்து நேர் மேலே மட்கார்டில் ஒரு குறி வைத்து அளந்து கொள்ளுங்கள். பிறகு வழக்கமாக ஏறுபவர்கள் ஏறி உட்கார, இன்னொருவர் மீண்டும் அளக்கட்டும். மொத்த அசைவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இறங்கியிருந்தால் சரி. பின்சக்கரம் மொத்தம் 6 செண்டிமீட்டர் அசையும் வண்டியில் சுமார் 2 செண்டிமீட்டர் இறங்க வேண்டும். என் சிவப்பு ஸ்பிரிங்கில் அரை செண்டிமீட்டர்கூட இறங்கவில்லை. ஸ்பிரிங்கின் அடியில் திருப்பி வைக்கும் படிகள் இருந்தால், ஆள் ஏறும்போது ஒரு படி கூட்டியும் தனியே போகும்போது குறைத்தும் வைக்கலாம். இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்க வேண்டும். அந்தப் படி வண்டியின் உயரத்தைத்தான் மாற்றும். விறைத்த ஸ்பிரிங்கை மென்மையாக்காது.

கடையில் எண்ணெயைச் சோதிப்பது எப்படி? அப்சோர்பரைத் தரையில் நிமிர்த்தி நிறுத்தி, உடல் எடையால் சில முறை அழுத்தி விடுங்கள். படுக்க வைத்திருந்த சரக்கில் காற்று புகுந்திருக்கும். சில அழுத்தலில் சரியாகிவிடும். அதன் பிறகும் சட்டென்று துள்ளி எழுந்தால் வேண்டாம். நிதானமாக, ஒரே சீராக எழ வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி எழ வேண்டும். ஒன்று மட்டும் பழுதானாலும் ஜோடியாகவே மாற்றுங்கள். பக்கத்துத் தொட்டியைக் கண்டு மயங்காதீர்கள். சில மலிவுச் சரக்கில் அது வெறும் அலங்காரம். உள்ளே ஒன்றும் இருக்காது. உண்மையிலேயே காற்றழுத்தம் நிரப்பிய வகையாக இருந்தால் அதை வீட்டில் பிரிக்கவே கூடாது. அழுத்தம் அதிகம், ஆபத்து. மாட்டும்போது எது மேல், எது கீழ் என்று கேட்டுக் கொள்ளுங்கள். சில வகைகள் தலைகீழாக மாட்டினால் வேலை செய்யாது.

அம்மாவின் கட்டு பிரித்த பிறகு, அளவெழுதிய சீட்டோடு ஒரு பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த பெரியவர் சீட்டைப் பார்த்துவிட்டு, "பின்னால யாரு சார் உட்காருவாங்க?" என்று முதலில் கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்கும் கடையில் தைரியமாக வாங்கலாம். கறுப்பு நிறத்தில், எந்தப் பளபளப்பும் இல்லாத சாதாரண ஜோடி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். முன்பு வாங்கியதைவிட இருபது வெள்ளி குறைவு.

அம்மாவை மீண்டும் ஏறச் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஒரு நாள் அவரே கூடையை எடுத்துக் கொண்டு வந்து நின்றார். அதே இறக்கத்தில் மெதுவாக இறங்கினேன். பின்சக்கரம் மண்ணை விடவில்லை. கீழே வந்ததும் முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் கேட்டது: "இப்பத்தான்யா அப்பா ஓட்டுன வண்டி மாதிரி இருக்கு."

ஆகவே அன்பர்களே, அப்சோர்பர் வாங்கப் போகும்போது பணத்தோடு ஒரு டேப்பையும் கொண்டு போங்கள். உங்கள் பின்னால் உட்காருபவரின் எடையையும் நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

அடுத்த இதழில் பிரேக் கட்டையைப் பற்றிப் பேசுவோம்.