வான்கோவின் மலைகளை வளைத்தது பித்து அல்ல

முறுக்கி நிற்கும் ஒலிவ மரங்கள், அவற்றின் பின்னால் அலையாய் எழும் நீல மலை, மேலே சுருண்ட வெண்மேகம். வின்சென்ட் வான்கோ 1889 ஜூனில் தெற்குப் பிரான்சின் சான்-ரெமியில் தீட்டிய இந்த ஓவியம் இன்று நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 'மனம் பேதலித்தவர், அவர் கண்ணுக்கு மலை அப்படித்தான் தெரிந்திருக்கும்' என்று இதைப் பற்றிச் சொல்வார்கள். அது தவறு.

அவர் மனநல விடுதியில் இருந்தார் என்பது மெய். அந்த ஆண்டு மே 8 அன்று தாமாகவே போய்ச் சேர்ந்தார். ஆனால் நோய் வேறு, வேலை வேறு. ஜூலை நடுவில் நோய் தாக்கியபோது சாயத்தையே விழுங்கினார். வாரக்கணக்கில் வேலை நின்றது. ஒலிவ மர ஓவியம் அதற்கு முந்தைய, தெளிவான நாட்களில் பிறந்தது.

வெறியில் கை போன போக்கில் இழுத்த கோடுகள் என்பது அடுத்த வாதம். ஆனால் அவரது இன்னொரு படத்தைப் பாருங்கள். சைப்ரஸ் மரங்களோடு கூடிய கோதுமை வயலைக் கோடையில் வெளியில் நின்று தீட்டினார். அதையே நாணல் பேனாவால் வரைந்தார். செப்டம்பரில் அறைக்குள் அமர்ந்து மறுபடி தீட்டினார். தாய்க்கும் தங்கைக்குமாகச் சிறிதாக இன்னொன்றும் செய்தார். மேகச் சுருளும் மலை வளைவும் திரும்பத் திரும்ப வருகின்றன. வெறி இப்படிப் படியெடுக்குமா? ஒலிவ மரப் படம் அமைப்பு நோக்கில் ஒரு மிகை என்றும், கோடுகள் பழைய மரச்செதுக்குப் படங்களைப் போல முறுக்கப்பட்டவை என்றும் தம்பி தியோவுக்கு அவரே எழுதியிருக்கிறார்.

மருந்தால் பார்வை மஞ்சளித்தது என்பாரும் உண்டு. அப்படியானால் தீட்டிய திரையும் அவருக்கு மஞ்சளாகத்தானே தெரிந்திருக்கும்? நிஜத்தோடு ஒப்பிட்டுப் பூசும்போது அந்தப் பிழை தானே கழிந்துவிடும்.

அப்படி ஒரு மலையே கிடையாது என்பதும் சரியல்ல. சான்-ரெமியை ஒட்டிய அல்பீல் சுண்ணாம்புக் குன்றுகளின் இரட்டைத் துளைப் பாறையை ஒலிவ மரப் படத்திலேயே அடையாளம் காட்டலாம். அங்கே வீசும் மிஸ்ட்ரல் காற்றில் ஒலிவ இலை புரண்டு வெள்ளிப்புறம் காட்டும். கொல்லிமலையில் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களும் காற்றடித்தால் அப்படியே வெளுக்கின்றன. அந்த அசைவை நேர்க்கோட்டில் எப்படிக் காட்டுவது?

ஓவிய ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கொல்லிமலையின் திருப்புலி நாட்டுப் பிள்ளை ஒருவர் மலையை வளைத்து, மரத்தை முறுக்கி வரைந்தால் அழித்துத் திருத்தாதீர்கள். ஏன் அப்படி வரைந்தாய் என்று முதலில் கேளுங்கள்.