கோட்டைக்குப் புகழ்; குழி வெட்டுவோனுக்கு?

2025 ஜூலைத் திங்களில் செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் ஏறியது. மராட்டியப் படைத்தளங்கள் என்று யுனெஸ்கோ ஏற்றுக்கொண்ட பன்னிரண்டு கோட்டைகளிலே தமிழ்நாட்டிலுள்ளது இது ஒன்றுதான். ராஜகிரியையும் கிருஷ்ணகிரியையும் சந்திரகிரியையும் காண வருவோர் தொகை பெருகும். பெருகட்டும், மகிழ்ச்சி! வருகிறவர்கள் 1714-ல் களத்திலே வீழ்ந்த தேசிங்குராசன் கதையைக் கேட்பார்கள். அவன் தோழன் மகமத்கானின் கல்லறை என்று வட்டார மக்கள் நீலாம்பூண்டியிலே காட்டும் இடத்தையும் பார்ப்பார்கள். மாண்ட வீரரின் பெயர் முந்நூறு ஆண்டு கடந்தும் நிற்கிறது. அவருக்கு மண்ணைத் தோண்டி இடம் செய்து கொடுத்த உழைப்பாளியின் பெயர் யாருக்குத் தெரியும்?

அன்றைய உழைப்பாளியின் கதை கிடக்கட்டும். அதே செஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்களிலே, இடுகாட்டிலும் கபர்ஸ்தானிலும் கல்லறைத் தோட்டத்திலும் இன்று குழிக்குள் இறங்குகிற மனிதனைப் பற்றியே நாம் பேச விரும்புகிறோம்.

ஆறடி நீளம், இரண்டரையடி அகலம், ஆறடி ஆழம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 90 கன அடி மண். எடையில் ஏறத்தாழ நான்கு டன்! கடப்பாரையும் மண்வெட்டியும் கூடையும் கொண்டு, இழவு வீட்டார் குறித்த நேரத்துக்குள், பெரும்பாலும் ஒருவரோ இருவரோ இதனைத் தோண்டி முடிக்கிறார்கள். ஊரார் கண்ணுக்கு அது ஒரு குழி. உள்ளே நிற்பவனுக்கோ, இருபுறமும் தலைக்கு மேலே உயர்ந்து நிற்கும் மண் சுவர். அந்தச் சுவருக்கு என்ன பிணை?

செஞ்சி மண்ணின் தன்மை அனைவரும் அறிந்ததே. குன்றடியிலே சரளையும் பாறையும். கடப்பாரை பட்டால் பொறி பறக்கும். ஏரிக்கரையிலும் சங்கராபரணி ஆற்றோரத்திலும் மணலும் ஈரமும், தொட்டால் சரியும். 2024 நவம்பர் கடைசியில் வந்த ஃபெஞ்சல் புயலிலே விழுப்புரம் மாவட்டம் வெள்ளக்காடாயிற்று. அதே மழையில், டிசம்பர் முதல் நாள், பக்கத்துத் திருவண்ணாமலையில் மலைமண் சரிந்து ஏழு உயிர்களைக் கொண்டுபோயிற்று. நீர் குடித்த மண் எச்சரித்துவிட்டுச் சரிவதில்லை. மலையிலே உண்மையான இது, குழியிலே பொய்யாகிவிடுமா? மழைக்காலத்திலும் சாவு வருகிறது. மழைக்காலத்திலும் குழி வெட்டத்தான் வேண்டும்.

ஒரு கன அடி மண்ணே 45 கிலோ. மார்பளவு மண்ணில் ஒருவன் புதைந்தால், மூச்சை வெளியே விடலாம். மீண்டும் இழுக்க மார்பு விரியாது. தலை வெளியே இருந்தாலும் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். ஆகவேதான் கட்டட வேலைக்கு விதி வகுத்தவர்கள், ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளத்துக்குப் பலகை வைத்து முட்டுக் கொடுக்கவேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயத்தில் எழுதி வைத்தார்கள். ஒன்றரை மீட்டர் என்பது ஐந்தடி. நமது குழியோ ஆறடி! குழாய் பதிக்க வெட்டும் பள்ளத்துக்கு முட்டுப் பலகை. பிணம் புதைக்க வெட்டும் பள்ளத்துக்கு வெறும் ஆண்டவன் துணையா? இறங்குகிறவன் எலும்பும் சதையும் இரண்டிடத்திலும் ஒன்றுதானே!

செய்யவேண்டியது மலையைப் புரட்டும் வேலையல்ல. தோண்டிய மண்ணை விளிம்பிலே குவிக்காமல் இரண்டடியாவது தள்ளிப் போடவேண்டும். பழைய குழியை ஒட்டி வெட்டக்கூடாது. அங்கே மண் இளகிக் கிடக்கும். சுவரைச் சற்றே சாய்வாக வெட்டவேண்டும். சாய்க்க இடமில்லையேல் பலகையும் முட்டும் வேண்டும். ஏறி இறங்க ஏணி, மேலே காவலாக இன்னொரு ஆள், காலுக்குப் பூட்ஸ், கைக்கு உறை, இரவானால் விளக்கு. பொக்லைன் வந்தால் விளிம்பருகே நிறுத்தக்கூடாது. கடைசி முகம் காணும் துயரத்தில் உறவினர் விளிம்பை நெருக்குவது இயல்பு. ஆனால் அந்த நெருக்கத்திலே மண் சரிந்தால் குழியில் நிற்பவன் கதி என்ன? ஒரு கயிறு கட்டி, நான்கடி தள்ளி நிற்கச் சொல்வது துக்கத்துக்குச் செய்யும் அவமரியாதை ஆகாது.

இவ்வளவு எளிய ஏற்பாடு ஏன் நடக்கவில்லை? காரணம் மண்ணிலே இல்லை, மனத்திலே இருக்கிறது. வெட்டி என்றால் கூலியில்லாத ஊழியம். அந்த வெட்டி வேலைக்கென்று ஒதுக்கப்பட்டவனை வெட்டியான் என்றார்கள். பரம்பரையாக ஒரு சாதியின் தலையிலே கட்டிய சுமை அது. 1976-ல் வந்த கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், ஒழிக்கவேண்டிய முறைகளை வரிசையாகப் பெயர் சொல்லி அடுக்கிற்று. அந்த வரிசையிலே வெட்டி என்ற பெயரும் உண்டு. சட்டத்தில் ஒழிந்தது பழக்கத்தில் ஒழிந்ததா? கூலியை முன்னதாகப் பேசாமல் இழவு முடிந்தபின் கொடுப்பதை வாங்கிக்கொள் என்பதும், பாதிக் கூலிக்குப் பதில் ஒரு பாட்டில் சாராயம் என்பதும் வெட்டியின் மிச்சமன்றி வேறென்ன? போதையோடு ஆறடிக் குழியில் இறங்கச் செய்வது தருமமா?

2020 ஏப்ரலில் சென்னையிலே நடந்ததை நாடு மறக்கவில்லை. கொரோனாவுக்குப் பலியான மருத்துவர் ஒருவரைப் புதைக்க விடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்து விரட்டிற்று. உடன் பணியாற்றிய மருத்துவரே நள்ளிரவில் மண்வெட்டி ஏந்தி மண் தள்ளி அடக்கம் செய்தார். படித்த கை அன்று அந்த மண்வெட்டியின் கனத்தை அறிந்தது. அதே மாதத்தில் அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது: அடக்கத்தைத் தடுப்போருக்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. நல்ல சட்டம், வரவேற்றோம். தடுப்பவனுக்குத் தண்டனை வகுத்தாயிற்று. தோண்டுபவனுக்குப் பாதுகாப்பு வகுக்கவேண்டாமா?

பொறுப்பு யாருடையது என்ற ஐயத்துக்கே இடமில்லை. இடுகாடும் சுடுகாடும் அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் 10-வது இனம். நகர ஆட்சி மன்றங்களின் பணிகளைக் கூறும் பன்னிரண்டாம் அட்டவணையிலும் அது இருக்கிறது. டில்லியைக் கைகாட்டித் தப்ப முடியாது.

ஆகவே கேட்கிறோம். ஒவ்வோர் ஊராட்சியும் முட்டுப் பலகை, ஏணி, கயிறு, விளக்கு, நீர் இறைக்கும் பம்பு ஆகியவற்றை இடுகாட்டுக்கென வாங்கி வைக்கட்டும். குழிக்கு இவ்வளவு கூலி என்று எழுதிப் பலகை மாட்டட்டும். ஒருவரைத் தனியே இறக்கக்கூடாது என்று உத்தரவிடட்டும். இந்த உழைப்பாளிகளுக்கு நலவாரிய உறுப்பினர் அட்டையும் விபத்துக் காப்பீடும் கிடைக்கட்டும். வேலையைச் சாதி பார்த்துச் சுமத்தாமல், விரும்பி வருவோருக்கு ஊதியத்தோடு வழங்கட்டும்.

செஞ்சிக்கு உலகப் புகழ் வந்துவிட்டது. கோட்டைச் சுவரில் விரிசல் கண்டால் நிபுணர்கள் ஓடி வருவார்கள்; வரவேண்டியதுதான். குழிச் சுவரில் விரிசல் கண்டால் ஓடிவர யார் இருக்கிறார்கள்? நம் எல்லோருக்கும் ஒருநாள் இடம் வெட்டித் தரப்போகிறவன் அவன். அவனுக்கு ஒரு பலகையும் ஒரு ஏணியும் ஒரு நியாயமான கூலியும் தர முடியாத ஊர், எத்தனை கோட்டை வைத்திருந்து என்ன பயன்?