மழையில் ஒரு நகரம்

பழைய சலனப்படங்களைக் காண்பது வீண் பொழுதுபோக்கெனக் கருதுவோர் நம்மிடையே பலர் உளர். கதையில்லை, பாட்டில்லை, பேச்சுமில்லை. காண்பதற்கு யாதுளது என்று அவர்கள் வினவுகின்றனர். கதையில்லாமையே சில படங்களுக்குச் சிறப்பென்பது நம் கருத்து. யோரிஸ் ஈவன்ஸ் என்னும் டச்சுக் கலைஞர் மானுஸ் ஃபிராங்கன் என்பாருடன் கூடி எடுத்து, 1929-இல் வெளியிட்ட ‘மழை’ என்ற ஊமைப்படத்தையே இதற்குச் சான்றாக அன்பர்கள்முன் வைக்கின்றோம். தலைவனுமில்லை, தலைவியுமில்லை. ஆம்ஸ்டர்டாம் நகரில் மழை வருகிறது, பெய்கிறது, விடுகிறது. கால்மணி நேரமும் ஆகாது.

முதலில் வெயில் படிந்த கால்வாய்களையும் கூரைகளையும் காண்கின்றோம். காற்றெழுகிறது, பறவைகள் கூட்டமாய்ப் பறக்கின்றன. வீதியில் ஒருவர் கையை நீட்டிப் பார்க்கிறார். பின்னர்ச் சட்டையின் கழுத்துப்பட்டியை உயர்த்திக்கொள்கிறார். அந்தக் கையை உற்று நோக்குங்கள். தூறலோவென ஐயுற்ற மாந்தர் எந்நாட்டவராயினும் செய்வது அதுவேயன்றோ? பிறகு குடைகள் விரிகின்றன. சன்னல் மூடப்படுகிறது. கால்வாய் நீரில் துளிகள் வட்டமிடுகின்றன. டிராம் வண்டியின் கண்ணாடி வழியே நகரமே கரைந்து தோன்றுகிறது. பிள்ளைகள் சிலர் ஒரே போர்வைக்குள் ஒடுங்கிச் செல்கின்றனர். இவற்றுள் எதுவும் சரித்திர நூலில் ஏறத்தக்கதன்று, ஏறவுமில்லை.

ஒரே மழைபோல் தோன்றும் இது, உண்மையில் பல மாதங்களிற் பெய்த பல மழைகளின் தொகுப்பாகும். மழை வருந்தோறும் காமிராவுடன் வெளியே ஓடி ஈவன்ஸ் இதனைச் சேர்த்தார். அங்ஙனமாயின் இது பொய்யன்றோ எனச் சிலர் கேட்கலாம். அன்றென்போம். அவர் காலத்தை ஒட்டுப்போட்டாரேயன்றி நகரத்தை மாற்றவில்லை. 1950-இல் வெளிவந்த ‘ராஷோமோன்’ படத்தில், மழை கண்ணுக்குத் தெளிவாய்த் தெரியும்பொருட்டு, ஜப்பானிய இயக்குநர் குரோசாவா நீரிற் கருமையைக் கலந்து பொழிவித்தார். அம்மழையும் அழகியதே; ஆயின் அது கதைக்காகப் பெய்தது. ஆம்ஸ்டர்டாம் மழையோ யாருக்காகவும் பெய்யவில்லை.

இப்படத்தை நாம் வற்புறுத்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. படம் வெளிவந்து பத்தாண்டுகளுக்குமேல் சென்றபின், 1940 மே 10-ஆம் நாள், ஜெர்மானியப் படை நெதர்லாந்திற் புகுந்தது. அந்நாட்டில் வாழ்ந்த ஏறத்தாழ 1,40,000 யூதருள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்நாட்டு யூதருட் பாதிக்கு மேற்பட்டோர் ஆம்ஸ்டர்டாம் வாசிகளே. 1944–45 பஞ்சக் குளிர்காலத்தில் எரிபொருளின்றித் தவித்த நகரமக்கள், டிராம் தண்டவாளங்களுக்கிடையே பதித்திருந்த மரக்கட்டைகளையும் பெயர்த்தெடுத்து எரித்தனர். படத்திற் குடைபிடித்து விரைவோருள் பின்னர் யார் எஞ்சினார், யார் மறைந்தார்? குடை முகத்தை மறைக்கிறது, பெயரும் எழுதப்படவில்லை. அவர்களுடைய கவலையெல்லாம் அப்போது கால் நனைவதேயாகும். பெருந்துயரங்களைக் கூறும் படங்கள் பல உள. அத்துயரம் எத்தகைய சாதாரண நாட்களைப் பறித்ததென்று காட்டுவன சில. அச்சிலவற்றுள் இஃதொன்று என்பதனால் இதனைப் பொழுதுபோக்கென ஒதுக்க நமக்கு மனம் இசையவில்லை.

இசையைப்பற்றியும் ஒரு சொல். லூ லிச்வெல்ட் 1932-இல் இப்படத்திற்கு இசை சேர்த்தார். 1941-இல் ஹான்ஸ் ஐஸ்லர் ‘மழையை வருணிக்கும் பதினான்கு வழிகள்’ என்னும் இசையை இதற்கென இயற்றினார். அது நுட்பமானது என்பதில் ஐயமில்லை. எனினும் இங்கே நோக்கு, இங்கே வருந்து என்று இசை நம் கண்ணைக் கைப்பிடித்து நடத்துகிறது. குடைக்கூட்டத்தில் நாமே ஒருவரைத் தேர்ந்து பின்தொடர விடுவதில்லை. ஆதலின், நம் கல்லூரி மண்டபத்தில் இப்படம் காட்டப்படுமாயின், முதன்முறை ஒலிபெருக்கியை நிறுத்திவைக்குமாறு வேண்டுகின்றோம். மறுமுறை ஐஸ்லர் வரட்டும்.