முகவரியைத் தட்டியவர் யார்?

இணையத்தளங்களின் வருகைக் கணக்கைப் பார்க்கும் கூட்டங்களில் ஒரு வாதம் தவறாமல் எழும்: “நேரடி வரவு கூடியிருக்கிறது. சனம் எங்கள் பெயரை மனதில் வைத்து, முகவரியைத் தானே தட்டி வருகிறது. இனித் தேடுபொறிக்கும் சமூக ஊடகத்துக்கும் மெனக்கெடுவது வீண்.” கேட்க இனிக்கிறது. ஒவ்வொரு படியாகத் தட்டிப் பார்த்தால் எதுவும் நிற்கவில்லை.

முகவரியைத் தட்டித்தான் வருகிறார்கள் என்பது முதற்படி. ஒரு சுட்டியை அழுத்தும்போது, எந்தத் தளத்திலிருந்து வருகிறோம் என்பதை உலாவி ஒரு வரியில் அடுத்த தளத்துக்குச் சொல்லும். அந்த வரி வராமல், முகவரியிலும் வேறு அடையாளம் இல்லாவிட்டால், வருகையைக் கணக்கிடும் கருவியான கூகுள் அனலிட்டிக்ஸ் அதை ‘நேரடி’ என்று எழுதிவிடும். வந்த வழி தெரியாத எல்லோருக்கும் அதே பெட்டிதான்.

பேராதனையைத் தலைமையகமாகக் கொண்ட விவசாயத் திணைக்களத்தின் தளத்தையே எடுத்துக்கொள்வோம். நுவரெலியாவில் போஞ்சி செய்கிற ஒருவர் அதிலுள்ள ஒரு பயிர்ப் பக்கத்தை வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். அதை அழுத்தி வருகிறவர்களில் பெரும்பாலோர் நேரடி வரவாகவே பதிவாவார்கள். அவர்களில் ஒருவர்கூட முகவரியைத் தட்டவில்லை. பிடிஎஃப் கையேட்டில் உள்ள சுட்டி, கணினியில் நிறுவிய மின்னஞ்சல் செயலி, சுவரொட்டியிலுள்ள கியூஆர் குறி ஆகியவற்றின் வழியே வந்தாலும் இதே கதைதான். எச்டிடிபிஎஸ் தளத்திலிருந்து பழைய எச்டிடிபி தளத்துக்குப் போனாலும் அந்த வரி வழியில் விழுந்துவிடும்.

இது புதுக் கண்டுபிடிப்புமல்ல. 2012இல் ‘தி அட்லாண்டிக்’ இதழில் அலெக்சிஸ் மாட்ரிகல் இந்த மறைவான பகிர்வை ‘டார்க் சோஷல்’ என்றார். நீண்ட கட்டுரை முகவரியை எழுத்தெழுத்தாகத் தட்டி யார் வரப்போகிறார் என்பதே அவர் வாதத்தின் அடிப்படை.

தேடுபொறிக்கு மெனக்கெடுவது வீண் என்ற அடுத்த படியை உடைக்க 2014இல் குருபோன் நிறுவனம் செய்த துணிச்சலான சோதனை போதும். சுமார் ஆறு மணி நேரம் தன் தளத்தைக் கூகுள் தேடலிலிருந்து முழுதாக நீக்கிப் பார்த்தது. தேடல் வரவு வீழ்ந்தது, எதிர்பார்த்ததுதான். ஆனால் நீண்ட முகவரியுள்ள பக்கங்களின் ‘நேரடி’ வரவும் கூடவே ஏறத்தாழ 60 வீதம் சரிந்தது. உலாவிகள் அதன் பின் மாறியுள்ளன, அந்த வீதத்தை இன்றைக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆயினும் தேடிவந்தவர் இந்தப் பெட்டிக்குள் விழ முடியும் என்பது உறுதியாயிற்று.

உண்மையிலேயே தட்டி வருகிறவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். ஆனால் சுட்டியில்லாமல் வருகிறவர்களெல்லாம் அபிமானிகள் அல்ல. ஒரு பல்கலைக்கழகக் கணினி ஆய்வுகூடத்தில் உலாவியைத் திறந்ததும் பல்கலைக்கழகத் தளமே வரும்படி வைத்திருந்தால், மின்னஞ்சல் பார்க்க உட்கார்கிற ஒவ்வொரு மாணவரும் ஒரு நேரடி வரவு. வடிகட்டலுக்குத் தப்பிய தானியங்கி நிரல்களும் இங்கேதான் ஒதுங்கும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கூகுளில் தேடி ஒருமுறை வந்தவர் அடுத்த வாரம் தானே முகவரியைத் தட்டி வந்தாலும், அனலிட்டிக்ஸின் வழக்கமான கணக்கு அந்த வருகையைப் பெரும்பாலும் கூகுளின் பெயரிலேயே எழுதும். பெயரை நினைவில் வைத்து வந்த அந்த ஆள் நேரடி எண்ணில் இல்லை. நினைவே இல்லாமல் வாட்ஸ்அப்பில் அழுத்தியவர் இருக்கிறார். இந்த எண்ணை வைத்தா அபிமானத்தை அளப்பது?

செய்யக்கூடியது, நேரடி வரவை முதலில் வந்திறங்கிய பக்கப்படி பிரிப்பது. முகப்புப் பக்கத்தில் இறங்கியவர்களைத் தட்டி வந்தவர்கள் என்று ஓரளவு நம்பலாம். உள்ளே ஆழத்திலுள்ள பக்கத்தில், அதுவும் கைபேசியில் இறங்கியவர்களைப் பகிர்வில் வந்தவர்களாகக் கொள்வதே பொருத்தம். நாமே பகிரும் சுட்டிகளில், வந்த வழியைச் சொல்லும் யுடிஎம் அடையாளம் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் தெளியும். அதிலும் ஓட்டை உண்டு: வாட்ஸ்அப்புக்கென்று அடையாளமிட்ட சுட்டியை ஒருவர் பிரதியெடுத்து ஃபேஸ்புக்கில் போட்டால், அங்கிருந்து வருகிறவர்களும் வாட்ஸ்அப் கணக்கில்தான் ஏறுவார்கள்.